மவுஸைத் தொடாமல் ஒரு ரசீது போட முடியுமா?

#1 கொலுசுக்கணக்கு (சனி, இரவு 10.40)

நான் எழுதிய மென்பொருளை ஒரு கடையில் ஒன்பது நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பழையபடி டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கே திரும்பிவிட்டார்கள். புலம்புவதற்காக இதை எழுதவில்லை. எங்கே தவறினேன் என்பது பாதி புரிந்திருக்கிறது. மீதி புரியவில்லை. அதிலும் ஒரு விஷயம் துளியும் புரியவில்லை.

கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. வெள்ளியைக் கட்டியாகப் பட்டறைக்குக் கொடுப்பார்கள், கொலுசாகத் திரும்பி வரும். கொடுத்த எடை, வந்த எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி, பழைய நிலுவை எல்லாம் ஒரே சீட்டில் தெரிய வேண்டும். இதுநாள்வரை பாதி டேலியிலும் பாதி நீள நோட்டிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து, பிரவுசரில் ஓடும்படி ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினேன். முதலாளி பார்த்தார், "நன்றாக இருக்கிறதே" என்றார். முகப்பில் வண்ண வரைபடம் ஒன்று வைத்திருந்தேன், அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கணக்கு எழுதும் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதே நாற்காலியில் இருபத்தேழு வருடம். நேற்றுதான் முதன்முறையாக அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மதியம்வரை உட்கார்ந்து பார்த்தேன். டேலியில் எஃப்8, பெயரின் முதல் இரண்டு எழுத்து, என்டர், எண், என்டர், என்டர், கன்ட்ரோல்-ஏ. வலது கை எண் விசைகளை விட்டு நகரவில்லை. இடது கையில் துண்டுச்சீட்டு. கண் தராசின் மேல். திரையை அவர் பார்ப்பதே இல்லை.

என்னுடையதில் அதே ரசீதுக்குப் பதினொரு கிளிக். தேதிப் பெட்டியைத் தொட்டால் நாட்காட்டி விரிகிறது. பெயர்ப் பட்டியலை உருட்டித் தேட வேண்டும். கடைசியில் "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி குதித்து வருகிறது, அதற்கும் சரி என்று கிளிக் செய்தால்தான் போகும். ஒவ்வொரு முறையும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு மவுஸை எடுக்கிறார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என் திரையின் சாம்பல் நிற எழுத்தைத் தேடுகிறார். எனக்கே வெட்கமாக இருந்தது.

புரியாத விஷயம் இது. ஆறாம் நாள் ஒரு பட்டறையின் கணக்கில் மூன்று கிராம் குறைந்தது. பட்டறைச் சீட்டில் 412.350. என் சர்வரில் 409.35. அந்த அம்மா "நான் 412.350 என்றுதான் அடித்தேன்" என்கிறார். நான் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பிரவுசரிலிருந்து வந்ததே 409.35 தான், நடுவில் எந்தக் கணக்கும் நடக்கவில்லை. சரக்கு அன்றைக்கே வேறு சரக்கோடு கலந்து பார்சலாகிவிட்டது, மறு எடை போட வழியில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

#2 மாங்கொட்டை (சனி, இரவு 10.52)

ஒன்பது நாளா? நான் எழுதியதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூடிவிட்டார்கள்.

#3 லீபஜார்_பேரேடு (சனி, இரவு 11.30)

தம்பி, நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்களே, அதற்காகவே ஒரு வணக்கம். நாற்பது வருடம் லீ பஜாரில் கணக்கு எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். என் மேஜைக்கு வந்த மென்பொருள்காரர்களில் உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை. நின்றபடியே பத்து நிமிடம் காட்டுவார்கள், முதலாளியின் அறைக்குப் போய்க் காப்பி குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

டேலி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெங்களூருவில் ஆலைகளுக்கு உதிரிபாகமும் மூலப்பொருளும் விற்ற ஒரு குடும்பம். தந்தை தன் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு மென்பொருளைத் தேடினார், எதுவும் ஒத்துவரவில்லை. மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கியது. கேட்டவரும் எழுதியவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள். அதனால்தான் ரசீது போடும்போது புதிய வாடிக்கையாளர் வந்தால், போட்டுக்கொண்டிருப்பதை விட்டு வெளியே போகாமல் ஆல்ட்-சி அடித்து அங்கேயே பெயரைச் சேர்க்க முடிகிறது. வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது அந்த வசதியின் அருமை தெரியும். உங்களுடையதில் புதிய பெயர் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? ரசீதை மூடிவிட்டு வேறு பக்கத்துக்குப் போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் பதில் எழுத வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சாம்பல் எழுத்து விஷயம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. இப்போது வருகிற திரைகளில் வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதியது போலத்தான் தெரிகிறது. இதை வடிவமைக்கிறவர்களுக்கு நாற்பது வயது ஆகாமலேயே இருந்துவிடும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

#4 குகைத்_தறி (ஞாயிறு, காலை 8.15)

எல்லோரும் டேலிக்குத் தேங்காய் உடைக்கிறீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள்.

இருபத்தேழு வருடம் ஒரே விசைகளை அடித்த விரலுக்கு எந்தப் புதிய திரையும் மெதுவாகத்தான் இருக்கும். அது டேலியின் பெருமை இல்லை, விரலின் பெருமை. நேற்று வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுப் பெண்ணை டேலியின் முன் உட்கார வையுங்கள். எஃப்8 என்றால் விற்பனை, எஃப்9 என்றால் கொள்முதல், எஃப்5 என்றால் பணம் கொடுத்தது என்று எதைப் பார்த்து அவள் ஊகிப்பாள்? அதற்காகத்தான் சேலத்தில் தெருவுக்குத் தெரு டேலி வகுப்பு நடக்கிறது. கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டிய இடைமுகத்தை நல்ல இடைமுகம் என்று எப்படிச் சொல்வது?

நிரலாளர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் வி.ஐ. எடிட்டரில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்ற விசைகள். ஏன் என்று என் சீனியரைக் கேட்டபோது, விரல் அதிகம் நகர வேண்டியதில்லை, அது ஒரு தத்துவம் என்று பத்து நிமிடம் பேசினார். உண்மை என்னவென்றால், 1976 வாக்கில் பில் ஜாய் அதை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேலேயே அச்சடிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் இருந்தது, சுண்டு விரலுக்கு எட்டியது. அந்த முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, விசைகள் மட்டும் நம் தலையில் இருக்கின்றன. பழக்கத்தைக் கொள்கையாக்கிவிடுவதில் நம் தொழிலை மிஞ்ச ஆள் இல்லை.

#5 ஞாயிறு_பஸ் (ஞாயிறு, காலை 9.40)

அம்மாபேட்டையில் பிறந்து, வாரம்தோறும் ஞாயிறு இரவு பெங்களூரு பஸ் ஏறுகிறவள். பெயர்க் காரணம் கேட்பவர்களுக்கு.

தறித் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் கொலுசுக்காரருடைய திரை புதியவர்களுக்காகவும் எழுதப்பட்டதில்லை, பழையவர்களுக்காகவும் எழுதப்பட்டதில்லை. முதலாளிக்காக எழுதப்பட்டது. வண்ண வரைபடம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் வேலை செய்யும் இடத்திலும் அதே கதைதான், அளவு மட்டும் பெரியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்ததைக் காட்ட வேண்டும். யாருக்குக் காட்டுகிறோம்? மேலாளருக்கு. அவர் அதில் ஒரு வரிகூட உள்ளிடப் போவதில்லை. சுவரில் பெரிதாக விழும் படத்தில் எது அழகாகத் தெரிகிறதோ அது தேறிவிடும். ஐம்பதாவது ரசீது போடும்போது மணிக்கட்டு வலிக்குமா என்பது அந்தக் கூட்டத்தில் தெரியவே தெரியாது. பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வரும் புகார்களுக்கு எங்களிடம் ஒரு முத்திரை இருக்கிறது, "பயனர் பிழை" என்று. குத்திவிட்டால் அந்தப் புகாரின் டிக்கெட் மூடிவிடும். மாதக் கடைசியில் எத்தனை டிக்கெட் மூடினோம் என்பதற்குத்தான் பாராட்டு. நானும் குத்தியிருக்கிறேன், யோக்கியம் பேசவில்லை.

சேமித்த பிறகு குதிக்கும் பெட்டியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கேட்கும் பெட்டிகளும் அப்படித்தான். "நிச்சயமாகவா?" என்று ஐம்பது முறை கேட்டால் ஐம்பத்தோராவது முறை கை தானாக ஆம் என்று அழுத்திவிடும். கேள்வியும் சரிபார்ப்பும் பெருகினால் பத்திரம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. அசல் தொகையை வெளியே அனுப்பாமல் வங்கிக்குள்ளேயே நிறுத்த, திரையில் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது. அவர்கள் நிரப்பியது ஒன்று. செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று மூன்று பேர் பார்த்தும் மூவருக்கும் அது சரியாகவே தெரிந்தது. பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றம் ஏறி, 2021-இல் தோற்று, 2022-இல் மேல்முறையீட்டில்தான் வென்றார்கள்.

கேட்காதீர்கள். செய்துவிடுங்கள், திருப்பி எடுக்க வழி வையுங்கள்.

#6 உயிர்மெய் (ஞாயிறு, காலை 11.05)

கொலுசுக்கணக்கு, அந்த ஆறாம் நாளின் மற்ற எடைப் பதிவுகளை அப்படியே ஒட்ட முடியுமா? வட்டமாக்காமல், பிரவுசர் அனுப்பிய எழுத்துகளாகவே. ஒரு சந்தேகம் இருக்கிறது.

#7 கொலுசுக்கணக்கு (ஞாயிறு, காலை 11.32)

அன்றைய பதிவுகள் வரிசையாக:

388.200
401.750
409.35
276.000
530.480

பேரேடு ஐயா, ஆமாம், ரசீதை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் சொன்னபடியே பதில் எழுதாமல் இருந்திருக்கலாம்.

#8 உயிர்மெய் (ஞாயிறு, பகல் 12.10)

நினைத்தேன். உங்கள் வரிசையை நீங்களே பாருங்கள். 276 என்றால்கூடப் புள்ளிக்குப் பின் மூன்று சுழியம் போட்டிருக்கிறார் அந்த அம்மா. தராசு எப்படிக் காட்டுகிறதோ அப்படியே அடிக்கிறவர். அவர் 409.35 என்று அடிக்கவே மாட்டார், 409.350 என்றுதான் அடிப்பார். கடைசிச் சுழியம் இல்லாத அந்த எண்ணை எழுதியது மனிதக் கை இல்லை, பிரவுசர்.

எடைக்கு நம்பர் வகைப் பெட்டி வைத்திருக்கிறீர்கள், இல்லையா? அதில் எண் எந்த அளவில் ஏறி இறங்கலாம் என்று சொல்லும் ஸ்டெப் என்பதை "எதுவானாலும்" என்று விட்டிருப்பீர்கள், தசமம் வர வேண்டும் என்பதற்காக. குரோமில் கர்சர் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது மவுஸின் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகர்வதற்குப் பதிலாக எண் மாறும். ஒரு பல்லுக்கு ஒன்று. அவர் 412.350 அடித்தார். சேமிக்கும் பொத்தான் கீழே இருந்தது, அதைப் பார்க்கச் சக்கரத்தைக் கீழ்நோக்கி மூன்று பல் உருட்டினார். 411.35, 410.35, 409.35. கண் பொத்தானைத் தேடியது, எண்ணை இல்லை. சேமித்துவிட்டார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் இல்லை. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழு 2020-இல் இந்தப் பெட்டியைக் கைவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று இதே சக்கரம்தான். சாதாரண எழுத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் எண் விசைகள் மட்டும் வரும்படி இன்புட்மோட் கொடுத்துவிடுங்கள். சரியான எண்தானா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வாடிக்கையாளர் பெயர் தமிழிலா? செவ்வாய்ப்பேட்டையில் ஸ்ரீ போட்டுத் தொடங்காத கடையை எண்ணிவிடலாம். இந்த ஸ்ரீயை யூனிகோடில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் குறியெண் முறையில், இரண்டு விதமாக எழுதலாம். ஸகர மெய்யில் தொடங்குவது ஒன்று. 2005-இல் ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்ட பிறகு அதில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கொ, கோ போன்றவற்றில் உள்ள இரட்டை வழியை நார்மலைஸ் செய்து ஒன்றாக்கிவிடலாம். ஸ்ரீயை அது தொடாது, நீங்களே மாற்ற வேண்டும். அந்த அம்மா கீபோர்டில் அடித்து ஒன்று, முதலாளி கைப்பேசியில் அடித்து ஒன்று என்று ஒரே கடைக்கு இரண்டு கணக்கு திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

அகரவரிசையையும் பாருங்கள். குறியெண்படி அடுக்கினால் ன என்பது ப-வுக்கு முன்னால் வந்துவிடும். கனகா முதலில் வருவாள், கபிலன் பிறகு. நம் வரிசையில் கபிலன்தான் முன். பேரேட்டில் விரலை ஓட்டித் தேடிப் பழகியவர் பட்டியலில் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

#9 கொலுசுக்கணக்கு (ஞாயிறு, பகல் 12.48)

சோதித்துப் பார்த்தேன். மூன்று பல், மூன்று கிராம்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். ஆறாம் நாள் முதலாளி என்னைத்தான் முதலில் கேட்டார். நான் "சிஸ்டம் சரியாக இருக்கிறது, உள்ளிட்டதில்தான் தவறு" என்றேன். அதாவது ஞாயிறு_பஸ் அக்கா சொன்ன அதே முத்திரை. பிறகு அந்த அம்மாவைக் கேட்டார்கள். அவர் மறுத்ததும், கொலுசைக் கொண்டுவந்த பட்டறைப் பையனைக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயது இருக்கும், சிவதாபுரம். "தராசில் 412 என்று நானும் பார்த்தேன்" என்றான். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினான். மூன்று கிராம் வெள்ளி பெரிய தொகை இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

ஸ்ரீ விஷயமும் உண்மை. நான்கு கடைகளுக்கு இரட்டைக் கணக்கு இருக்கிறது. அதையும் அந்த அம்மாவின் கவனக்குறைவு என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

#10 லீபஜார்_பேரேடு (ஞாயிறு, பகல் 1.20)

நாளைக்குக் கடை திறந்ததும் போங்கள். போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள்.

#11 இருபதாம்_வளைவு (ஞாயிறு, மாலை 4.30)

காலையிலிருந்து மின்சாரம் இல்லை, இப்போதுதான் படித்தேன். ஏற்காட்டில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்று மலையேறியபோது நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். இணைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் மட்டும் பொறாமைப்படவில்லை.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். அறுவடைக் காலத்தில் பறிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. பொழுது சாய்கிற நேரத்தில் மூட்டைகளைத் தராசில் வைத்து எடை போட்டு, பெயருக்கு நேரே எழுத வேண்டும். நோட்டை ஒழித்துவிட்டு வெளியூர் ஆட்களிடம் ஒரு செயலி வாங்கினார்கள். திறக்கும்போதெல்லாம் ஓடிபி கேட்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மேஸ்திரி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஓடிபி வரும். இறங்கி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வேறொன்று கேட்கும். மூட்டை முன்னால் நாற்பது பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள், மூடுபனி வேறு. நான்காம் நாள் அவர் நோட்டுக்கே திரும்பிவிட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் செய்ததில் பெரிய திறமை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கைப்பேசிக்குள்ளேயே எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் எழுதிவிடுவது, சிக்னல் கிடைக்கும்போது மேலே அனுப்புவது. எஸ்க்யூலைட் பிறந்த கதையும் ஏறக்குறைய இதேதான். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் படுத்துவிட்டால் இவருடைய நிரலும் சேர்ந்து படுத்தது. சர்வரே இல்லாத தரவுத்தளம் இருந்தால் என்ன என்று யோசித்தார். கப்பலுக்குப் பொருந்தியது காப்பித் தோட்டத்துக்கும் பொருந்துகிறது.

நான் யோசிக்காமல் விட்டது கையை. பறித்த பழத்தின் ஈரம், பனியின் ஈரம். தொடுதிரை ஈர விரலைக் கண்டால் பேய் பிடித்தது போல ஆடும். ஏழு அழுத்தினால் எட்டும் ஒன்பதும் சேர்ந்து விழும். பெரிய பொத்தான் வைத்தேன், பயனில்லை. கடைசியில் கணினிக் கடையில் விற்கும் சின்ன எண் விசைப்பலகை ஒன்றை வாங்கி, கைப்பேசியோடு ஒயரில் இணைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பைக்கு மேலேயே அழுத்தலாம். நான் மலையில் எழுதிய நிரல் எல்லாவற்றையும்விட அந்தப் பைதான் அதிகம் உழைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டுக் காலத்தில் மேஸ்திரி எடையை உரக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுவார், பறித்தவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. செயலி வந்ததும் அந்தப் பழக்கம் தானாக நின்றுபோனது. கேட்டுத்தான் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது.

#12 குகைத்_தறி (ஞாயிறு, மாலை 6.05)

மூன்று கிராம் கதையைப் படித்த பிறகு காலையில் எழுதிய சுருதியில் எழுத வரவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கருவை எழுதுகிறவர்கள் அதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பருக்கு இலவச அனுமதி நின்றுபோனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உட்கார்ந்து எழுதியது. எழுதியவரும் அவரே, பயன்படுத்தியவரும் அவரே. ஸ்டூல்கூடத் தேவையில்லை. ஆனால் அதன் கட்டளைகளைப் பாருங்கள். செக்அவுட் என்று ஒன்று. ஒரே நிரலின் வேறொரு கிளைக்கு, அதாவது தனியாக வளரும் வடிவத்துக்கு, மாறவும் அதுவே, கோப்பில் செய்த மாற்றங்களைத் தூக்கி எறியவும் அதுவே. கிளைதான் மாறுகிறோம் என்று நினைத்து அரை நாள் வேலையை நானே அழித்திருக்கிறேன். "நிச்சயமாகவா?" என்றுகூட அது கேட்கவில்லை அக்கா, திருப்பி எடுக்கவும் வழியில்லை. 2019-இல்தான் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பதினான்கு வருடம் உலகத்து நிரலாளர்கள் எல்லாம் அதைச் சகித்துக்கொண்டிருந்தோம். சகித்தது மட்டும் இல்லை, தெரியாமல் திணறிய புதியவர்களைப் பார்த்துச் சிரித்தோம்.

#13 ஞாயிறு_பஸ் (ஞாயிறு, மாலை 6.40)

அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். கல்லூரி முடித்து வந்த முதல் மாதம் வி.ஐ. எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் கணினியையே அணைத்தேன். பின்னால் நின்ற மூவர் சிரித்தார்கள். இப்போது அவர்கள்தான் பயனர் அனுபவம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள்.

கிட்டுக்குப் பதில் பிளெண்டர். முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள், கட்டற்றதுதான். பல வருடம் அதில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். உலகம் முழுக்க இடது, அங்கே மட்டும் வலது. பழகியவர்கள் அதற்கும் காரணம் சொல்வார்கள். 2019-இல் வந்த 2.8 பதிப்பில் இடது பொத்தானுக்கு மாற்றினார்கள், வலதுதான் வேண்டும் என்பவர்களுக்கு அமைப்புகளில் ஓர் இடம் விட்டார்கள். யாருடைய விரலையும் ஒடிக்காமல் கதவைத் திறந்துவிட்டார்கள். அதே மாதிரி கொலுசுக்காரர் விசையும் வைக்கலாம், திரையில் பொத்தானும் வைக்கலாம், பொத்தானின் மேலேயே எந்த விசை என்று எழுதியும் வைக்கலாம். இருபது வயதுப் பெண் முதல் வாரம் பொத்தானை அழுத்துவாள், மூன்றாம் வாரம் விசைக்குப் போயிருப்பாள். டேலியும் திரையிலேயே விசைப் பெயரை எழுதித்தான் வைத்திருக்கிறது தம்பி, நீங்கள் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

#14 லீபஜார்_பேரேடு (ஞாயிறு, இரவு 8.00)

தறித் தம்பியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில். தனக்காக எழுதிக்கொள்கிறவர் தன் வீட்டு இருட்டில் நடப்பவர் மாதிரி. எந்த இடத்தில் படி, எந்த இடத்தில் அண்டா என்று காலுக்குத் தெரியும். விளக்கு வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. விருந்தாளி இடித்துக்கொண்டால் சிரிப்பார்.

#15 மாங்கொட்டை (ஞாயிறு, இரவு 8.20)

எங்கள் வீட்டில் நானே இடித்துக்கொள்கிறேன் ஐயா.

#16 உயிர்மெய் (ஞாயிறு, இரவு 9.15)

கொலுசுக்கணக்கு நாளைக்குப் போவதற்குள் செய்யக்கூடியவை சில. தொகைக்கு நடுவே காற்புள்ளி லட்ச முறையில் விழுகிறதா என்று பாருங்கள். 100,000 என்று காட்டினால் நம் கண் அதைப் பத்தாயிரம் என்றோ பத்து லட்சம் என்றோ ஒரு கணம் தடுமாறும். பிரவுசருக்கு இந்திய முறை தெரியும், சொன்னால் செய்யும். சாம்பல் எழுத்துக்கு அளவுகோல் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது நான்கரைக்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் 2008-லிருந்தே சொல்கின்றன. பிரவுசரின் டெவலப்பர் கருவியிலேயே அளக்கலாம். இல்லாவிட்டால் கறுப்பிலேயே எழுதிவிடுங்கள், எந்தக் கருவியும் வேண்டாம்.

பட்டறைகளுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் எண்ணம் இருந்தால் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. கொலுசு என்பது நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு.

ஆக்ஷனுக்கு ஒரு விசை, என்டருக்கு அடுத்த பெட்டி, எஸ்கேப்புக்கு முந்தைய நிலை. இதற்குமேல் இன்றிரவு எதையும் தொடாதீர்கள்.

#17 கொலுசுக்கணக்கு (செவ்வாய், இரவு 9.50)

நேற்று காலை ஒன்பதரைக்குப் போனேன். முதலாளியிடம் முதலில் சொன்னேன். சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். அவர் இரண்டு முறை தானே உருட்டிப் பார்த்தார். "இதற்கு யார் பொறுப்பு?" என்றார். நான் என்றேன். மூன்று கிராமுக்கு என்னிடம் பணம் வாங்கிக்கொண்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். புதிய திரையைத் திறந்து கொடுத்தேன், மவுஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பதினான்கு ரசீது போட்டார். ஏழாவதில் ஒரு முறை நின்றார். தேதிப் பெட்டியில் நாட்காட்டி விரிந்துவிட்டது, நான் எடுக்க மறந்திருந்தேன். "தேதியை நான் அடிக்கிறேன், நீ திறக்காதே" என்றார். மற்றபடி திரையை அவர் பார்க்கவில்லை. ஆனால் கடை இன்னும் டேலியில்தான் ஓடுகிறது. இந்த மாதம் முடியும்வரை இரண்டிலும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றைக்குச் சிவதாபுரம் போய் அந்தப் பையனைப் பார்த்தேன். பட்டறை வாசலில் நிற்க வைத்துப் பேச மனம் வரவில்லை, தட்டுவடை செட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டான், சாப்பிட்டான், இன்னொரு செட் சொன்னான். பிறகு கேட்டான்: "அண்ணா, அந்த எண்ணை நானும் பார்க்கிற மாதிரி வைக்க முடியுமா? தராசு எனக்குத் தெரிகிறது. அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரிவதில்லை."

ஐந்து மாதத்தில் எத்தனையோ திரைகள் வரைந்தேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்றுகூட வரையவில்லை. இருபதாம்_வளைவு அண்ணன் சொன்ன மேஸ்திரி உரக்கப் படித்த கதையை அப்போதுதான் நினைத்தேன்.

கேள்வி இதுதான். எடைப் பெட்டியில் விழும் எண்ணை மட்டும், வேறு எதுவும் இல்லாமல், எதிர்ப்பக்கம் பார்த்தபடி பெரிதாகக் காட்ட வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். முதலாளி இதற்கெல்லாம் பணம் தர மாட்டார்.

#18 இருபதாம்_வளைவு (செவ்வாய், இரவு 10.05)

பழைய கைப்பேசி ஒன்று போதும். அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிடுங்கள், எண் மாறும்போது அதுவும் மாறட்டும். அடித்த எண்ணைக் காட்டாதீர்கள், சேமித்த எண்ணைக் காட்டுங்கள். திரை அணையாமல் இருக்கும்படி அமைத்து, சார்ஜரிலேயே விட்டுவிடுங்கள்.

#19 மாங்கொட்டை (செவ்வாய், இரவு 10.11)

என்னிடம் ஒன்று கிடக்கிறது. மூலையில் விரிசல், எண் தெரியும். நாளை மாலை ஐந்து ரோட்டுப் பக்கம் வருவேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.